கர்னலின் குதிரைக்குப் பெயர் இருந்தது

செய்தி வந்தபோது நான் லண்டன் கோலியர்ஸ் வுட் சுரங்க ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தேன். சுரங்கத்துக்குள் போன் வேலை செய்யாது. சாலைக்கு வந்ததும் அதிரத் தொடங்கியது. தவமணி அக்காவின் தம்பி, குகன் அண்ணன்.

"தேன்மொழி, எங்க நிக்கிறீர்?"

"ஸ்டேஷன் வாசல்ல, அண்ணா. இதோ வந்துடுறேன்."

"ஆறுதலா வாரும். அக்கா மோசம் போயிட்டா." இறந்துபோனதை யாழ்ப்பாணத்துக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

என் கையில் ஒரு பை ஆரஞ்சு இருந்தது. "தோடம்பழம் வாங்கிக்கொண்டு வாரும், வேற ஒண்டும் வேண்டாம்" என்று முந்தின நாள்தான் அக்கா போனில் சொல்லியிருந்தார். அந்தப் பையைப் பிடித்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. அது மாலையில் வந்தது, அதுவும் துக்கத்தால் அல்ல.

மாலையில் நான் வேலை பார்க்கும் அறக்கட்டளையிலிருந்து எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. "நம் அன்பான டாவி மறைந்தார். கடிதத் திட்டத்தின் தட்டச்சுப் பணிகளில் பல்லாண்டுகள் உதவியவர். அவருடைய பொறுமையை என்றும் நினைவுகூர்வோம்." மூன்று வரிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பொய். டாவி என்று ஒருவர் இருந்ததே இல்லை. டாக்டர் தவமணி இருந்தார். அவர் தட்டச்சு செய்தவர் அல்ல, அந்தக் கடிதத் தொகுதிகளைப் பதிப்பித்தவர். பொறுமையோ, அவரை அறிந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது அவரிடம் மருந்துக்கும் கிடையாது.

இரங்கல் எழுதுகிறவர்கள் சாந்தமாக எழுத வேண்டும் என்பது மரபு. எனக்கு அது இப்போது முடியாது. நம் வாசகர் வட்டத்தில் அக்காவோடு சண்டை போடாதவர்கள் குறைவு. அவர்களுக்காகவும் அவருக்காகவும், அவருடைய குரலுக்குப் பக்கத்தில் வரக்கூடிய ஒரு குரலில் எழுத முயல்கிறேன்.

அவரை அறியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தவமணி அக்கா யாழ்ப்பாணத்தில் வரலாறு படித்தவர். மேற்படிப்புக்கு லண்டன் வந்து, முனைவர் பட்டம் பெற்று, ஊர் எரிந்துகொண்டிருந்ததால் திரும்ப முடியாமல் இங்கேயே தங்கியவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏனென்று கேட்டவர்களை "உங்களுக்கு வேற வேலை இல்லையோ?" என்று கேட்டு அனுப்பினார். பதினெட்டாம் நூற்றாண்டுக் கையெழுத்தை அவர் வாசிப்பது நாம் பேருந்துப் பலகையை வாசிப்பது போல இருக்கும். அந்தத் திறமையை நம்பித்தான் அறக்கட்டளை அவரை வேலைக்கு எடுத்தது.

அமெரிக்கா தனி நாடாவதற்கு முன் வர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டங்கள் வைத்திருந்த ஒரு பெரிய குடும்பம். அவர்கள் லண்டனில் இருந்த உறவினர்களுக்கும், தங்கள் புகையிலையை இங்கே விற்றுக்கொடுத்த வியாபாரிக்கும் தலைமுறை தலைமுறையாகக் கடிதம் எழுதினார்கள். அவை எல்லாம் வியாபாரியின் வீட்டுப் பரணில் தப்பிக் கிடந்தன. வியாபாரியின் இன்றைய வாரிசுகள் ஓர் அறக்கட்டளை அமைத்து, அந்தக் கடிதங்களைப் பல தொகுதிகளாக அச்சிட முடிவு செய்தார்கள். அந்தத் தொகுதிகளில்தான் அக்காவின் இருபது வருடம் போனது. நான் கடிதங்களைப் படம் எடுக்கும் வேலைக்கு, மதுரையிலிருந்து வந்த சில ஆண்டுகளில், அங்கே சேர்ந்தேன்.

சேர்ந்த முதல் வாரமே திட்டு வாங்கினேன். படங்கள் ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்று தாளின் ஓரங்களை வெட்டி, எழுத்து மட்டும் தெரியும்படி அனுப்பியிருந்தேன். அக்கா என் மேசைக்கு வந்து நின்றார்.

"இதை ஆர் வெட்டினது?"

"நான்தாங்க மேடம்."

"மேடமும் மண்ணாங்கட்டியும். தமிழ்ப் பிள்ளைதானே? அக்கா எண்டு சொல்லும். நீர் ஓரத்தை வெட்டிப் போட்டீரே, அங்கதான் ஆக்கள் இருக்கினம்."

எனக்கு விளங்கவில்லை. என்னை இழுத்துக்கொண்டு போய் மூலக் கடிதத்தைக் காட்டினார். நடுப்பக்கம் முழுக்கப் புகையிலை, கப்பல், மழை. இடம் முடிந்த பிறகு பக்கவாட்டில், தாளைத் திருப்பிப் பிடித்து எழுதிய ஒரு வரியில் ஒரு பெயர். இன்னாருக்கும் காய்ச்சல், அவ்வளவுதான். தோட்டத்தில் அடிமையாக இருந்த ஒருவரின் பெயர் அந்தக் கடிதத்தில் வந்த ஒரே இடம் அது. அன்று முழுவதும் எல்லாப் படங்களையும் திரும்ப எடுத்தேன். அக்கா வீட்டுக்குப் போகும்போது என் மேசையில் ஒரு வடைப் பொட்டலத்தை வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனார்.

அவர் அந்தக் கடிதங்களை வெறுத்தார் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு அவை மேல் பெரிய ஈடுபாடு. வர்ஜீனியாக் குடும்பத்தின் தலைவரை நாங்கள் கர்னல் என்றே சொல்வோம். கர்னல் லண்டனிலிருந்து வரவழைத்த காலணி காலைக் கடிக்கிறது என்று ஒரு பக்கம் புலம்புவார். லண்டன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய மகன் கடிதமே போடுவதில்லை என்று அடுத்த பக்கம். அதற்குக் கீழே, போன முறை அனுப்பிய புகையிலைக்கு நல்ல விலை பிடித்துத் தராததற்கு வியாபாரிக்கு வசவு. சாப்பாட்டு நேரத்தில் அக்கா இதையெல்லாம் கர்னலின் குரலிலேயே, யாழ்ப்பாணத் தமிழில் பெயர்த்து வாசிப்பார். நாங்கள் சோற்றை விழுங்க முடியாமல் சிரிப்போம்.

"இந்தாள் எங்கட பெரியப்பாதான். சாடை கூட மாறாது," என்பார்.

அது வெறும் வேடிக்கை அல்ல. அவருடைய வீடும் புகையிலை வீடு. அப்பாவும் பெரியப்பாவும் யாழ்ப்பாணத்துப் புகையிலையைக் கொழும்புக்கு அனுப்பி விற்றவர்கள். அப்பா கொழும்பு ஏஜென்டுக்கு எழுதிய கடிதங்களைச் சிறுமியாக அவர்தான் உறையில் போட்டு ஒட்டுவாராம். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கச் சொல்வதும், மழையில் இலை கெட்டுப்போனதைச் சொல்வதும் ஒரே தாளில். "அன்பும் வியாபாரமும் ஒரே மையிலைதான் எழுதப்படுறது, தேன்மொழி. அதிலை பிழை இல்லை. ஆரை விட்டுட்டு எழுதினம் எண்டதுதான் கேள்வி," என்று ஒருமுறை சொன்னார்.

டைனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். டைனா கர்னலின் வீட்டில் அடிமையாக இருந்த பெண். கர்னலின் மனைவி லண்டனிலிருந்த தங்கைக்கு எழுதிய ஒரு கடிதத்தில், தன் குழந்தைக்கு அம்மை கண்டதையும், எல்லோரும் கைவிட்டபோது டைனா கண் மூடாமல் பார்த்துக்கொண்டதையும், குழந்தை பிழைத்ததையும் எழுதியிருந்தாள். உண்மையான நன்றியோடுதான் எழுதியிருந்தாள். அதை அக்கா எங்களுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார். சில மாதங்கள் கழித்து எழுதிய இன்னொரு கடிதம். கர்னலின் மூத்த மகளுக்குக் கல்யாணம். மகளோடு தூரத்து ஊருக்கு என்னென்ன அனுப்பினோம் என்று சொல்லி வருகிறாள்: கட்டில், வெள்ளிக் கரண்டிகள், டைனாவின் மகள் சுக்கி. அதற்குப் பிறகு லண்டனில் என்ன மாதிரிப் பட்டு நல்லது என்ற விசாரிப்பு.

அக்கா அந்தத் தாளை மேசையில் வைத்துவிட்டு எழுந்து ஜன்னலுக்குப் போனார்.

"சீதனம்," என்றார். "கட்டில், கரண்டி, பிள்ளை. நன்றி சொன்ன கைதான் இதையும் எழுதினது."

அந்தப் பிள்ளையின் பெயர் புத்தகத்தில் தேடினாலும் கிடைக்கக் கூடாது என்று முடிவு செய்த மனிதரைப் பற்றி இனி எழுதுகிறேன். அவர்தான் திட்டத்தின் தலைமைப் பதிப்பாசிரியர். அவருடைய பெயரை இங்கே எழுத மாட்டேன். அக்காவின் பெயருக்கு அவர் எவ்வளவு இடம் கொடுத்தாரோ, அவ்வளவே என்னிடமிருந்தும் கிடைக்கும்.

தொகுதிகளின் கடைசியில் ஒரு பெயரடைவு வரும். எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் என்று அகரவரிசையில் காட்டுவது. அதைத் தயாரித்தவர் அக்கா. கடிதங்களில் ஒருமுறை மட்டும் வந்த பெயராக இருந்தாலும், ஓரத்தில் வந்த பெயராக இருந்தாலும், அடிமைகளாக இருந்த ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சேர்த்திருந்தார். இன்னாரின் தாய், இன்னாரின் மகன், தையல் தெரிந்தவர், ஓடிப்போய்ப் பிடிபட்டவர் என்று தெரிந்ததையெல்லாம் பெயருக்குப் பக்கத்தில் எழுதியிருந்தார். அச்சுப் பிரதி திரும்பி வந்தபோது அவர்கள் யாரும் இல்லை. "பணியாட்கள்" என்று ஒரு சொல், அதன் கீழே பக்க எண்கள். அவ்வளவுதான்.

அக்கா அச்சுப் பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டு கூட்ட அறைக்குப் போனார். படங்களைப் பற்றிக் கேட்பதற்காக என்னையும் அழைத்திருந்ததால் நான் அங்கே இருந்தேன்.

"இவர்கள் எங்கே போனார்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இடப் பிரச்சினை, டாவி," என்றார் தலைமைப் பதிப்பாசிரியர். "பொது வாசகர்கள் தேடக்கூடிய பெயர்கள் இவை அல்ல."

"என் பெயர் தவமணி. தமிழில் நாலே எழுத்து. இத்தனை பழைய கையெழுத்தை வாசிக்கிற உங்களுக்கு இதை வாசிக்க முடியவில்லையா?"

அவர் மன்னிப்புக் கேட்டுச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. பிரதியைப் புரட்டி விரலை வைத்தார்.

"ரேஞ்சர். இது யார்?"

பதிலுக்குக் காத்திராமல் அவரே சொன்னார்:

"கர்னலின் குதிரை. குதிரைக்கு இடம் இருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு வரி இருக்கிறது. வர்ஜீனியாவில் குதிரையைத் தேடிக்கொண்டு எந்தப் பொது வாசகர் வரப்போகிறார்?"

தலைமைப் பதிப்பாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு உண்மையைச் சொன்னார். அறக்கட்டளைக் குடும்பத்தாருக்கு இது சங்கடமாக இருக்குமாம். இது ஒரு குடும்பத்தின் அன்பையும் தொழிலையும் காட்டும் நூலாம். வேறு விஷயங்களை அதில் முன்னால் தள்ளுவது நேர்மை ஆகாதாம். நேர்மை என்ற சொல்லை அவர் அந்த அறையில் அன்று பயன்படுத்தினார். நான் கேட்டேன்.

அக்கா விடவில்லை. அறங்காவலர்களுக்கு எழுதினார், நேரில் போனார், பல்கலைக்கழகத்துக்காரர்களிடம் பேசினார். எல்லோரும் அவருடைய கருத்தை மிகவும் மதித்தார்கள். தொகுதிகள் குதிரையோடு வெளிவந்தன. முதல் பக்கத்தில் ஒரே ஒரு பதிப்பாசிரியரின் பெயர். நன்றியுரையின் கடைசிப் பத்தியில், தேநீர் போட்டவருக்கு முன்னால், அக்காவின் பெயர், அதுவும் பிழையாக. அடுத்த கோடையில் மறுசீரமைப்பு என்று சொல்லி அவருடைய பதவியை நீக்கினார்கள். விடை கொடுக்கும் விருந்தில் ஒரு பூச்செண்டு தந்தார்கள். அதை அவர் வாசலில் இருந்த காவலாளியிடம் கொடுத்து, "உங்கள் மனைவிக்கு" என்று சொல்லிவிட்டு வந்தார்.

வெள்ளைக்காரர்களை இவள் திட்டி முடித்துவிட்டாள் என்று நம்மில் யாராவது நிம்மதியாக மூச்சு விட்டிருந்தால், அதற்கும் இடமில்லை.

அதே ஆண்டு லூயிஷாமில் ஒரு மண்டபத்தில் நம் ஆட்களின் கூட்டம் ஒன்று நடந்தது. வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு தமிழ் அறிஞருக்கு ஆதரவாக என்று சொல்லி அக்காவைப் பேச அழைத்திருந்தார்கள். மண்டபம் நிறைந்திருந்தது. டைனாவின் கதையைச் சொன்னபோது பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். குதிரையைச் சொன்னபோது கைதட்டினார்கள். அக்கா கைதட்டலுக்குக் காத்திருந்து, பிறகு சொன்னார்:

"இப்ப எங்கட கதைக்கு வாறன். எங்கட வீட்டிலை ஒரு பழைய சீதன உறுதி, சீதனப் பத்திரம், இருந்தது. அதிலை காணி இருந்தது, நகை இருந்தது, ஆக்களும் இருந்தவை. குடிமை எண்டு சொல்லி, அடிமை மாதிரி, குடுத்த ஆக்கள். அவைக்கு ஒரு பெயர் அதிலை இல்லை. என்ர அப்பாவின்ர கடிதங்களிலையும் இல்லை. புகையிலைக்குத் தண்ணி இறைச்சவை, நாத்துக் கண்டு நட்டவை, இலையைக் காயவைச்சுப் பாடம் போட்டவை, ஆரும் இல்லை. கர்னல் ஓரத்திலையாவது எழுதினவர்."

மண்டபத்தில் நாற்காலிகள் நகர்ந்தன. கூட்டத்தை நடத்திய தமிழ்ச் சங்கத்தின் தலைவர், ஓய்வுபெற்ற கணக்காளர், வேட்டி சால்வையோடு எழுந்தார்.

"தவமணி அக்கா, இது வெள்ளைக்காரன்ரை கதை எண்டுதானே கூப்பிட்டனாங்கள். எங்கட சனத்தை ஏன் இதுக்குள்ளை இழுக்கிறியள்? பிள்ளையள் இருக்கினம்."

"பிள்ளையள் கேக்கத்தானே கதைக்கிறன்."

"இது பொருத்தமான மேடை இல்லை."

"எந்த மேடை பொருத்தம் எண்டு சொல்லுங்கோ, அங்க வாறன்."

தலைவர் ஒருவருக்குக் கண் காட்டினார். ஒலிவாங்கி செத்துப்போனது. அக்கா அதைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு மீதியை வெறும் தொண்டையில் பேசி முடித்தார். பாதிப் பேர் அதற்குள் சாப்பாட்டு வரிசைக்குப் போய்விட்டிருந்தார்கள்.

திரும்பும்போது ரயிலில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கோபமாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, வெளியே பார்த்தபடி இருந்தார்.

"வேலையாலை நிப்பாட்டினது எனக்கு நோகேல்லை," என்றார் கடைசியில். "அவங்கள் வேற என்ன செய்வாங்கள்? இது நொந்து போச்சு."

நான் அவருடைய கையைப் பிடித்தேன். அவர் விலக்கவில்லை. அவரை அப்படிப் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

பிறகு அவர் செய்ததுதான் அவருடைய உண்மையான நூல். கோலியர்ஸ் வுட் வீட்டின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, தன்னுடைய பழைய குறிப்புகளிலிருந்து அந்தப் பெயரடைவை மீண்டும் எழுதினார். யாரும் இலவசமாகப் பார்க்கும்படி இணையத்தில் போட்டார். குகன் அண்ணனின் மகள் அதற்கு உதவினாள். முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி: "இந்தக் கடிதங்களில் இருந்தவர்கள்." அறக்கட்டளையிலிருந்து வக்கீல் கடிதம் வந்தது. அக்கா அதை எங்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டி, "இவனை விடக் கர்னலின்ர ஆங்கிலம் எவ்வளவோ திறம்," என்றார்.

ஒரு நாள் வர்ஜீனியாவிலிருந்து லொரெய்ன் என்ற பெண்மணி அவருக்கு எழுதினார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய குடும்பத்தில் வாய்வழியாக ஒரு பெயர் வந்துகொண்டிருந்தது: சுக்கி. சின்ன வயதில் தாயிடமிருந்து பிரித்து ஒரு கல்யாணத்தோடு அனுப்பப்பட்டவள். தாயின் பெயர் யாருக்கும் தெரியாது. அக்காவின் இணையப் பக்கத்தில் சுக்கியைத் தேடியபோது, டைனாவின் மகள் என்று இருந்ததாம். ஊரும், மணமகன் வீட்டுப் பெயரும் பொருந்தின. அந்தக் கடிதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார்.

அக்கா அனுமதி கேட்டு எழுதினார். வாசிப்பறை பராமரிப்புக்காக மூடியிருப்பதாகப் பதில் வந்தது. நான் அப்போதும் அங்கேதான் வேலை பார்த்தேன். வாசிப்பறையில் எந்தப் பராமரிப்பும் நடக்கவில்லை. அதை அக்காவிடம் சொன்னேன்.

"அப்ப சரி, நாங்கள் வாறம்," என்றார்.

வந்தார்கள். லொரெய்ன் உயரமான பெண், எழுபது வயதிருக்கும், தேவாலயத்துக்குப் போவது போல உடுத்தியிருந்தார். தலைமைப் பதிப்பாசிரியர் வரவேற்பறைக்கு வந்து, முன்கூட்டியே ஏற்பாடு செய்யாமல் முடியாது என்று கனிவாகச் சொன்னார். அக்கா இருக்கையில் உட்கார்ந்தார்.

"அப்படியென்றால் முன்கூட்டியே வந்திருக்கிறோம். நீங்கள் திறக்கும்வரை இருக்கிறோம்."

"டாவி, தயவுசெய்து..."

"இவர் சமுத்திரம் தாண்டித் தன் பாட்டியின் பாட்டிக்கும் பாட்டியைப் பார்க்க வந்திருக்கிறார். நீங்களே அவரிடம் இல்லை என்று சொல்லுங்கள். என்னிடம் சொல்லாதீர்கள். அவருடைய முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்."

அவரால் அதைச் சொல்ல முடியவில்லை. கோழைகளுக்கு அந்த ஒரு நல்ல குணம் உண்டு. கடிதத்தை எடுத்து வரும்படி என்னிடம் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

நான்தான் தாளை மேசையில் விரித்தேன். அக்கா வரியைக் காட்டினார். லொரெய்ன் அந்த வரியோடு நிறுத்தவில்லை. முழுக் கடிதத்தையும் வாசித்துக் காட்டச் சொன்னார். அக்கா வாசித்தார். கட்டில், கரண்டி, சுக்கி, பட்டு, வானிலை, அன்பு முத்தங்கள், கையொப்பம். லொரெய்ன் கைகளை மடியில் கோத்து, நேராக உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும், "அந்த அம்மாவின் பெயரை மறுபடி சொல்லுங்கள்," என்றார். "டைனா," என்றார் அக்கா. லொரெய்ன் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு கழிப்பறை எங்கே என்று கேட்டுப் போனவர் வெகுநேரம் வரவில்லை.

அன்று அக்கா வீட்டில் சாப்பாடு. இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் மீன் குழம்பும். லொரெய்ன் கையால் சாப்பிட முயன்று, சொதியைச் சிந்தி, பெரிதாகச் சிரித்தார். சாப்பிட்டு முடித்த பிறகு அக்காவைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார்: "நீங்கள் எனக்காக இவ்வளவு கோபப்படுகிறீர்கள். உங்கள் ஆட்களுக்கும் இப்படி நடந்ததா? நீங்கள் எந்தப் பக்கம்?"

போரைச் சொல்லியிருக்கலாம். எரிந்த வீட்டையும், திரும்ப முடியாத ஊரையும் சொல்லியிருக்கலாம். எல்லாம் உண்மைதான். லண்டனில் நாம் எல்லோரும் அதைத்தான் முதலில் சொல்வோம்.

அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, "கடிதம் எழுதின பக்கம்," என்றார்.

லொரெய்ன் பாத்திரத்தை நகர்த்தி, இன்னும் கொஞ்சம் சொதி போடச் சொன்னார்.

நோயைப் பற்றி அக்கா எங்களில் யாரிடமும் சொல்லவில்லை. இதற்காக நான் அவர் மேலும் கோபமாக இருக்கிறேன். ஈரலில் தொடங்கி எல்லா இடமும் பரவிய பிறகுதான் தெரிந்தது. "சொன்னா எல்லாரும் வந்து கண்ணீர் விடுவினம், எனக்கு வேலை இருக்கு," என்றார். ஊராரின் கடித ஓரத்தில் கிடந்த ஒவ்வொருவரையும் தேடி எடுத்தவர், தன்னை மட்டும் யாரும் தேட விடவில்லை. அது பெருமையா பிடிவாதமா என்று எனக்குத் தெரியவில்லை. என்னவாக இருந்தாலும் அது நியாயம் இல்லை, அக்கா.

இறுதிச் சடங்குக்கு வந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்குச் சொல்கிறேன். இந்த ஊர் மின்மயானத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அளந்த நேரம்தான். குகன் அண்ணன் மென்மையான மனிதர், கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாதவர். முதலில் தலைமைப் பதிப்பாசிரியர் கறுப்புக் கோட்டோடு எழுந்து, டாவியின் பொறுமையைப் பற்றியும் பண்பைப் பற்றியும் பேசினார். அடுத்துச் சங்கத் தலைவர் எழுந்தார். "எங்கட சமூகத்தின்ரை பெருமை" என்றார். "பெரிய குடும்பத்துப் பிள்ளை, புகையிலைக்காரரின்ரை மகள் எண்டா யாழ்ப்பாணத்திலை தெரியாத ஆள் இல்லை" என்றார். அக்காவை வேலையிலிருந்து நீக்கியவரும், அவருடைய ஒலிவாங்கியை நிறுத்தியவரும் அவருடைய பெட்டிக்கு முன்னால் கைகுலுக்கிக்கொண்டார்கள். ஒருவரை ஒருவர் அன்றுதான் பார்த்திருப்பார்கள். நெடுநாள் பழகியவர்கள் போல இருந்தது.

மூன்றாவதாகப் பேச வேண்டியவள் நான். எழுந்தபோது மயான ஊழியர் வந்து, நேரம் முடிந்தது, அடுத்த குடும்பம் வெளியே காத்திருக்கிறது என்றார். திரை மூடிக்கொண்டது.

ஆகவேதான் இதை எழுதுகிறேன்.

போன வாரம் குகன் அண்ணன் கூப்பிட்டார். அறக்கட்டளை தன் கடிதங்களை இப்போது இணையத்தில் போடப்போகிறதாம். காலம் மாறிவிட்டது. அடிமைகளின் பெயர்கள் இல்லாமல் எங்கேயும் தலைகாட்ட முடியாது. அதனால் அக்காவின் பெயரடைவை அன்பளிப்பாகத் தரும்படி கேட்டிருக்கிறார்கள்.

"குடுப்பம் எண்டுதான் நினைக்கிறன், தேன்மொழி. நல்ல விஷயம்தானே?"

"கொடுங்க அண்ணா. ஆனா முதல் பக்கத்துல, பதிப்பாசிரியர் டாக்டர் தவமணின்னு போடணும். பிழை இல்லாம. ஒரு பெயரையும் வெட்டக் கூடாது. இத எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும்."

"அவை சம்மதிக்காட்டி?"

"சம்மதிக்கலன்னா அது இப்ப இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். யாரும் போய்ப் பார்க்கலாம்."

சம்மதமா என்று அவர்கள் இன்னும் சொல்லவில்லை. பரிசீலிக்கிறார்களாம். பதில் எதுவாக இருந்தாலும் நான் அந்த வேலையில் தொடரப்போவதில்லை. திங்கட்கிழமை விலகல் கடிதம் கொடுத்துவிட்டேன்.

அக்காவின் புத்தகங்கள் நூலகத்துக்குப் போகின்றன. சேலைகளைக் குகன் அண்ணனின் மகள் எடுத்துக்கொண்டாள். என்ன வேண்டும் என்று என்னையும் கேட்டார்கள். ஒன்றும் வேண்டாம் என்றேன். அவரிடமிருந்து எனக்கு வேண்டியது ஒரு கேள்வி. அதை எடுத்துக்கொள்ள யாருடைய அனுமதியும் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதுரைக்கு அம்மாவுக்குப் போன் செய்தேன். எங்களுக்கும் வைகைப் பக்கம் வயல் இருந்தது. தாத்தா காலத்தில் விற்றது.

"அம்மா, நம்ம வயல்ல வேலை செஞ்சாங்களே, அவங்க பேரெல்லாம் என்ன?"

"யாரு?"

"நாத்து நட்டவங்க, தண்ணி பாய்ச்சினவங்க. காலையில வந்து கொல்லைப்பக்கம் நிப்பாங்கன்னு சொல்வியே."

"அது எதுக்குடி இப்போ? ஆளுங்கன்னு சொல்லுவோம். அவ்வளவுதான்."

"ஆளுங்கன்னா பேரு இருக்கும்லம்மா?"

"இருந்திருக்கும். இத்தனை வருஷம் கழிச்சு எனக்கெப்படித் தெரியும்? சாப்பிட்டியா நீ?"

"சாப்பிட்டேன். சொல்லும்மா."

"உனக்கு என்ன ஆச்சு? ஏன் கோவமாப் பேசற?"

"கோவமாத்தான் இருக்கேன். யோசிச்சுச் சொல்லு."

மறுமுனையில் மின்விசிறி சுற்றுவது கேட்டது. அம்மா வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"இரு," என்றாள். "ஒருத்தி இருந்தா. எனக்குத் தலை பின்னி விடுவா. இரு, பேரு வாயில வருது..."

நான் இருந்தேன்.